ஓடையில் வண்டியை இறக்கும் முன்

சிங்கப்பூரில் காட்டுப்பாதையில் வண்டி ஓட்ட இடம் ஏது, அதனால்தான் விடியும் முன்பே உட்லண்ட்ஸ் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போகிறோம். சோதனைச்சாவடிக்கு முன்னால் பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறவர்கள்கூட, செம்பனைத் தோட்டம் தாண்டி ஓடை குறுக்கே வந்ததும் இறங்கிப் பார்க்காமல் வண்டியை விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய தவறு இல்லை.

ஒரு கம்பை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். அடியில் மணலா, சேறா, உருட்டுக்கல்லா, அக்கரையில் ஏறும் இடம் வழுக்குமா என்பதெல்லாம் காலுக்குத்தான் தெரியும். தண்ணீர் காலை இழுத்தால் திரும்பிவிடுங்கள். ஃபோர்டு ரேஞ்சர் 80 செ.மீ. ஆழம் தாங்கும், சுசுகி ஜிம்னிக்கு 30 செ.மீ.தான், முன்னால் போனவர் தாண்டிவிட்டார் என்பதற்காக நீங்களும் இறங்காதீர்கள்.

வந்த வேகத்திலேயே இறங்குவது இன்னொரு தவறு. மண்பாதையில் ஓடிவந்த வண்டியின் டிஃபரன்ஷியல், அதாவது அச்சின் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப சீல் வழியாகவோ பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள், ஆழம் பார்க்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும்.

அப்புறம், 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைவேக கியர்) போட்டு, நடக்கிற வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்துப் போங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். சீறிப் பாய்ந்தால் தண்ணீர் பானெட்டுக்கு மேல் ஏறி காற்றுக்குழாய்க்குள் போய்விடும். இன்ஜின் நின்றுவிட்டால் பதற்றத்தில் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரை நசுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். அப்படியே கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டுவாருங்கள்.

மழையையும் மறந்துவிடுகிறோம். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலைப்பக்கம் பெய்தால் ஓடை ஏறும். காலையில் தாண்டும்போதே கரையில் ஒரு குச்சி நட்டு வையுங்கள், திரும்பும்போது அது மூழ்கியிருந்தால், தண்ணீர் கலங்கி இலைச்சருகு அடித்து வந்தால், வடியும்வரை காத்திருங்கள். வேலைக்கு ஒருநாள் லீவு போனால் போகட்டும்.

கரையேறியதும் பிரேக்கை மெதுவாக நாலைந்து தடவை மிதித்து உலர்த்துங்கள். வீட்டுக்கு வந்தபின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள், தே தாரேக் (பால் டீ) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.