பறவை என்றாலே விடுதலையா? ராக் பாடல்களைப் படிக்கையில் நேரும் பிழைகள்

பாரதியின் சிட்டுக்குருவியோடு வளர்ந்தவர்கள் நாம். பாட்டில் ஒரு பறவை தென்பட்டால் போதும், ஓரத்தில் 'விடுதலை' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ராக் பாடல்களில் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 'ஃப்ரீ பேர்ட்' (1973) பாட்டில் நடப்பது என்ன? ஒருவன் காதலியை விட்டுக் கிளம்புகிறான். நான் பறவை, என்னை மாற்ற முடியாது என்கிறான். பழி என்னுடையதுதான் என்றும் ஒப்புக்கொள்கிறான். பறவை அவனுக்குச் சிறகா, சாக்கா? எனக்குச் சாக்காகத்தான் படுகிறது. நாளை நான் போய்விட்டால் நினைவில் வைத்திருப்பாயா என்ற தொடக்கக் கேள்வியைக் கவனியுங்கள். கிதார் கலைஞர் ஆலன் காலின்ஸிடம் அவருடைய காதலி கேட்ட கேள்வி அது என்பார்கள். அவள் கேட்டதை எடுத்து, விட்டுப்போகிற ஆணின் வாயில் வைத்துவிட்டார்கள்! விலங்கு எது என்று பார்ப்பதோடு நிற்காமல், அதன் பெயரைச் சொல்லிக்கொள்பவர் யார், பின்னால் தங்கிவிடுபவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

1971-இல் விபத்தில் இறந்த, ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மனுக்காக எழுதிய பாட்டு 'ஃப்ரீ பேர்ட்' என்பது இன்னொரு பிழை. மேடையில் அவருக்குக் காணிக்கையாக்கினார்கள், அவ்வளவுதான்.

ரோலிங் ஸ்டோன்ஸின் 'வைல்ட் ஹார்ஸஸ்' (1971) நேர் எதிர். அங்கே குதிரைகள் ஓடித் திரிவதற்காக வரவில்லை, இழுப்பதற்காக வருகின்றன. 'காட்டுக் குதிரைகள் பூட்டி இழுத்தாலும் நகரமாட்டேன்' என்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. போகாமல் இருப்பவனின் பாட்டை விடுதலைப் பட்டியலில் சேர்த்தால் என்ன செய்வது?

பீட்டில்ஸின் 'பிளாக்பேர்ட்' (1968) கதை வேறு. சிலர் அதைக் காகம் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது மஞ்சள் அலகும் இனிய குரலும் கொண்ட பாடும் பறவை. அதன் நெருங்கிய உறவினம் நம் நீலகிரிச் சோலைகளிலும் உண்டு. பாட்டில் கேட்கும் கூவலும் ஒலிப்பதிவு செய்த அந்தப் பறவையின் குரல்தான். ஆனால் பறவை நூலோடு நின்றுவிட்டால் பாதிதான் கிடைக்கும். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் 'பேர்ட்' என்றால் இளம்பெண். அமெரிக்கத் தென்மாநிலங்களில் உரிமைக்காகப் போராடிய கறுப்பினப் பெண்களை நினைத்து எழுதியதாகப் பாட்டை எழுதிய பால் மெக்கார்ட்னி சொல்லியிருக்கிறார். 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளியின் நிறவெறித் தடையை மீறி நுழைந்த ஒன்பது மாணவர்களில் இருவரை அவர் 2016-இல் நேரில் சந்தித்தார். இங்கே விடுதலை வானத்தில் இல்லை. பள்ளி வாசற்படியில் இருக்கிறது. ஒடிந்த சிறகோடு பறக்கச் சொல்வதன் கனம் அப்போதுதான் புரியும்.

எதை வேண்டுமானாலும் ஏற்றிப் படிக்கலாம் என்றும் கிளம்பிவிடக் கூடாது. இதே பாட்டில் இனப்போருக்கான அழைப்பைக் கேட்டதாக நம்பினான் கொலைகாரன் சார்லஸ் மேன்சன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'அனிமல்ஸ்' (1977) தொகுப்பில் நாய், பன்றி, ஆடு எல்லாமே சமூகத்தின் அடுக்குகள். ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை' நாவலின் விலங்குகளை அப்படியே எடுத்தாண்டதாக நினைப்பதும் பிழை. அவர் தாக்கியது ஸ்டாலினியத்தை, இவர்கள் தாக்குவது முதலாளித்துவத்தை. ஆடுகள் கடைசியில் நாய்களை வீழ்த்துகின்றன. ஆனால் உடனே வீட்டோடு இரு, சொன்னபடி கேள் என்று உத்தரவு வருகிறது. அந்தத் தொகுப்பில் உண்மையிலேயே தப்பித்தது அட்டைப்படத்துக்காகப் பறக்கவிட்ட ராட்சதப் பன்றி பலூன் மட்டும்தான். 1976 டிசம்பரில் லண்டன் பாட்டர்ஸி மின்நிலையத்தில் கட்டு அறுந்து கிளம்பி, ஹீத்ரோ விமானங்களைக் கலங்கடித்துவிட்டு, கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது.