மழைநீர் கெடுவது சம்பில் இல்லை, மொட்டை மாடியில்

பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு வைத்த வீட்டில் சம்புத் (தரையடித் தொட்டி) தண்ணீர் நாறினால், முதலில் திட்டு வாங்குவது வடிகட்டிதான். பெரும்பாலும் தப்பு அதற்கு மேலே நடந்திருக்கும். 2009-ல் குடிநீர் வாரியச் சட்டம் திருத்தப்பட்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து, ‘குழாயை இணைத்துவிட்டால் போதும்’ என்கிற எண்ணம் பலருக்கும் வந்துவிட்டது. மாடியை யாரும் பார்ப்பதில்லை.

இங்கே கோடை மழை ஏப்ரல், மே வாக்கில்தான் வருகிறது. அதுவரை புழுதி, வண்டிப் புகைக் கரி, புறா எச்சம், புங்கம்பூ எல்லாம் மாடியில் படிந்து கிடக்கும். இதையெல்லாம் கழுவிக்கொண்டு வரும் முதல் தண்ணீரைத் தனியே பிடித்து வெளியேற்றத்தான் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்’ குழாய். ஆனால் மூன்றடி நீளத்துக்கு ஒரு நாலு இன்ச் பைப்பைத் தொங்கவிட்டு, அடியில் மூடி போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அதில் ஏழெட்டு லிட்டர்தான் பிடிக்கும்.

கணக்கு மிகவும் எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 30-க்கு 40 மனையில் முழுக்கக் கட்டிய வீட்டின் மாடி ஏறக்குறைய 110 சதுர மீட்டர். முதல் 1 மி.மீ. மழையையாவது ஒதுக்க 110 லிட்டர் இடம் வேண்டும். ஏழெட்டு எங்கே, நூற்றுப்பத்து எங்கே! மாடியிலிருந்து நாலு பைப் இறங்கினால் ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஆறு இன்ச் பைப் வையுங்கள். ஒரே பைப் என்றால் 200 லிட்டர் டிரம்தான் சரி.

சரி, அளவாக வைத்துவிட்டீர்கள். அப்புறம் அதைத் திறந்துவிட மறந்தால்? குழாய் நிறைந்தே இருக்கும், அடுத்த மழையின் அழுக்கு நேராக உள்ளே போகும், கொசுவும் சேரும். மழை விட்டதும் மூடியைத் திறந்து காலி செய்யுங்கள். மூடியில் சின்ன ஓட்டை போட்டால் தானாக வடியும். ஆனால் இலைத்தூள் அதை அடைத்துவிடும் என்பதால் அவ்வப்போது பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், போர்வெல்லுக்குள் மட்டும் விடவே கூடாது.

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நம் வீடுகளில் மாடி சும்மா கிடப்பதில்லை. துணி துவைப்பது, வற்றல் காயவைப்பது, தொட்டிச் செடி என்று எல்லாமே அங்கேதான். சோப்புத் தண்ணீரும் உரத் தண்ணீரும் மழைக் குழாயில் இறங்கினால் வடிகட்டியில் இருக்கும் எந்த மணலும் அதைச் சுத்தப்படுத்தாது. துவைக்கிற இடத்துக்கும் தொட்டிகளுக்கும் வேறு வடிகால் கொடுத்துவிடுங்கள்.

வடிகட்டியில் கழுவாத எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) போடுவது இன்னொரு தவறு. அதிலுள்ள பொடியே இறங்கித் தண்ணீரைக் கலக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டுப் போடுங்கள். ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்தில் இருக்கிற கே.எஸ்.சி.எஸ்.டி.யில் (கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில்) உருவான பாப்-அப் வடிகட்டி வைத்திருப்பவர்கள், மழையில் அதன் மேல்பகுதி எழும்பித் தண்ணீர் வெளியே கொட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம். அடைத்திருக்கிறது, கழுவ வேண்டும் என்று அர்த்தம். இவற்றின் மாதிரிகளை ஜெயநகர் 5-ஆவது பிளாக்கில் குடிநீர் வாரியத்தின் மழைநீர்ப் பூங்காவில் பார்க்கலாம். பிளம்பரையும் கூட அழைத்துப்போனால் இன்னும் நல்லது.

புதிதாக அமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பிலேயே காவேரித் தண்ணீர் இருக்கும் சம்பில் மழைநீரைக் கலக்காதீர்கள். அழுக்கு கலந்தால் காவேரித் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினையும் அது தின்றுவிடும். முதல் வருஷம் தனி டேங்கில் பிடித்து, தோட்டத்துக்கும் வீடு கழுவவும் பயன்படுத்திப் பாருங்கள். கலங்கல், நாற்றம் இல்லையென்றால் ஆய்வகத்தில் கிருமிச் சோதனை செய்துகொண்டு, அதன் பிறகு சம்பில் இணைக்கலாம்.