டோக்கியோ ஸ்டேஷனில் எந்தப் பக்கம் போவது?

இரண்டு பெயர்களை மனதில் வைத்தால் போதும்: மேற்கே மருனோஉச்சி, கிழக்கே யாயேசு. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஏற யாயேசு பக்கம் போங்கள். படங்களில் பார்க்கும் செங்கல் கட்டடம் மருனோஉச்சி பக்கம். டிக்கெட் இல்லாமலே குறுக்கே கடக்க வடக்கில் பொது நடைபாதை உண்டு.

அப்புறம், டிஸ்னிலேண்ட் போகிறவர்கள் அங்கே போகும் ரயில் தடமான கெய்யோ லைனைக் கவனியுங்கள். பலகையில் டோக்கியோ என்றுதான் இருக்கும். ஆனால் அந்த பிளாட்பாரம் தெற்கே வெகுதூரம் தள்ளி, பூமிக்கடியில் இருக்கிறது. நரிதா விமான நிலையத்துக்குத் திட்டமிட்டுக் கைவிட்ட ஷின்கான்சென்னுக்கான இடம் அது. நகரும் நடைபாதை இருந்தாலும், பெட்டியோடு போகிறவர்கள் 20 நிமிடமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் மருனோஉச்சி வாசலில், குவிமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். தட்சுனோ கிங்கோ வடிவமைத்து 1914-ல் திறந்த கட்டடம். 1945 குண்டுவீச்சில் குவிமாடங்களும் மூன்றாம் மாடியும் போய், இரண்டு மாடியாகவே நின்றது. 2012-ல்தான் பழைய உருவம் திரும்பியது. எண்கோணக் கூரையின் மூலைகளில் இறக்கை விரித்த கழுகுகள், அவற்றுக்குக் கீழே ஜப்பானிய ராசி விலங்குகள் (பிறந்த ஆண்டை வைத்து வரும் ராசி). பன்னிரண்டில் எட்டுதான் இருக்கும். எலி, முயல், குதிரை, கோழி நான்கும் இல்லை. உங்கள் ராசி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.