விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு பேக்கப்பிலிருந்து வேண்டிய ஃபைலை மட்டும் எடுப்பது எப்படி?

மதுரையில் பத்திரிகை அடிக்கும் சின்ன டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைக்கும்) கடையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காதணி விழா, வசந்த விழா, திருவிழா ஃப்ளெக்ஸ் என்று யார் வந்தாலும் கையில் பென் டிரைவ் இருக்கும்; அதில் வைரஸும் இருக்கும். கடைசியில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் யாரிடமாவது கொடுத்து, ஃபார்மட் அடித்து, விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்குவோம்.

அப்புறம் பழைய ஃபைல்கள்? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள ஃபைல் ஹிஸ்டரி வழியாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் வைத்திருந்தால் கீழே உள்ளபடி செய்யலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாதீர்கள். எதற்காக ஃபார்மட் அடித்தோமோ அதுவும் கூடவே வந்துவிடும்.

படி 1: விண்டோஸ் போடக் கொடுக்கும்போது பேக்கப் டிஸ்க்கைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். கம்ப்யூட்டர் நம் கடைக்குத் திரும்பி வந்து, அப்டேட் எல்லாம் முடிந்த பிறகு சொருகுங்கள். சொருகியதும் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஒரு ஸ்கேன். டெஸ்க்டாப்பில் ‘மீட்பு’ என்று ஒரு காலி ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, ‘செலக்ட் டிரைவ்’ போய் உங்கள் டிஸ்க்கைத் தேர்வு செய்யுங்கள். அதில் இருக்கும் முந்தைய பேக்கப்பைப் பயன்படுத்தவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதை டிக் செய்து, பழைய கம்ப்யூட்டரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: இடது பக்கம் ‘ரீஸ்டோர் பெர்சனல் ஃபைல்ஸ்’. வேண்டிய ஃபோல்டருக்குள் போய், கன்ட்ரோல் பட்டனை அழுத்தியபடி ஃபைல்களைத் தேர்வு செய்யுங்கள். கீழே உள்ள இடது அம்புக்குறி பழைய தேதிக்குக் கூட்டிப்போகும். கடைசிப் பிரதி கெட்டிருந்தால் அதற்கு முந்தையதை எடுக்கலாம். நடுவில் இருக்கும் பச்சைப் பட்டனை நேராக அழுத்தாமல், ரைட் கிளிக் செய்து ‘ரீஸ்டோர் டூ’ கொடுத்து, ‘மீட்பு’ ஃபோல்டரைக் காட்டுங்கள்.

பழைய பேக்கப் பட்டியலில் வரவே இல்லையா? பதற வேண்டாம். டிஸ்க்கிலேயே ‘ஃபைல்ஹிஸ்டரி’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பயனர் பெயர், கம்ப்யூட்டர் பெயர், ‘டேட்டா’ என்று போய்க்கொண்டே இருந்தால் உங்கள் ஃபைல்கள் சாதாரண ஃபைல்களாகவே கிடக்கும். காப்பி பண்ணினால் போதும். பெயருக்குப் பின்னால் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். அது யூடிசி என்ற உலகப் பொது நேரம், 5.30 மணி கூட்டினால் நம்மூர் நேரம். காப்பி செய்த பிறகு அந்த வாலை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் தன்னோடு இணைத்த படங்களைப் பழைய பெயரில் தேடிவிட்டு, காணோம் என்று சொல்லும்.

‘.இஎக்ஸ்இ’ என்று முடிபவை, ஷார்ட்கட்டுகள் எதையும் தொடாதீர்கள். மென்பொருளைப் புதிதாகவே போட்டுக்கொள்ளலாம்.

படி 4: நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஃபான்ட்தான். ஃபைல் நல்லபடியாக வந்திருக்கும்; டிசைன் மென்பொருளான கோரல்டிராவில் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை; ஃபான்ட் இல்லையென்றால் அடியில் இருப்பது தெரியும், அவ்வளவுதான். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஃபைல் ஹிஸ்டரி வழக்கமாக பேக்கப் எடுப்பதில்லை. ஃபார்மட் அடிக்காமல் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால், சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டருக்குள் பழைய ஃபான்ட்கள் இருக்கும். அது கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடக்கூடும் என்பதால் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் கடையின் இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து எடுக்கலாம். ஃபான்ட் போட்டு முடிக்கும்வரை அந்த ஃபைலை சேவ் செய்யாமல் மூடுங்கள். இல்லாவிட்டால் கோரல்டிரா அதை வேறு ஃபான்ட்டுக்கு நிரந்தரமாக மாற்றிவிடக்கூடும்.

எல்லாம் சரியாகத் திறந்தால் ‘மீட்பு’ ஃபோல்டரில் இருப்பதை உரிய இடங்களுக்கு நகர்த்துங்கள். ஃபான்ட்களின் ஒரு பிரதியை டாக்குமென்ட்ஸுக்குள் போட்டுவையுங்கள்; அடுத்த பேக்கப்பில் அதுவும் சேர்ந்துவிடும்.