பெண்கள் தயங்காமல் பேசும் வாட்ஸ்அப் குழு: அட்மின்களுக்கு ஒரு வழிகாட்டி

மாடித்தோட்டக் குழு, அடுக்குமாடிக் குடியிருப்போர் குழு, பழைய மாணவர் குழு என்று எதை எடுத்துக்கொண்டாலும், உறுப்பினர் பட்டியலில் பெண்கள் கணிசமாக இருந்தும் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதை அட்மின்கள் பலரும் கவனித்திருப்பார்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அமெரிக்க மொழியியலாளர் சூசன் ஹெரிங் 1990-களின் தொடக்கத்தில் கல்வியாளர்களின் மின்னஞ்சல் குழுக்களை ஆராய்ந்தபோதே, ஆண்கள் அதிகமாகவும் நீளமாகவும் எழுதுவதையும், பெண்கள் எழுதுவதற்குக் குறைவான மறுமொழிகளே கிடைப்பதையும் பதிவு செய்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைத்த விக்கிப்பீடியாவிலும், 2011-இல் நடந்த கணிப்பின்படி பங்களிப்பாளர்களில் பெண்கள் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தனர். பேசினால் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்த பிறகே பெண்கள் பேசுவதை நிறுத்துகிறார்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஆகவே, அட்மின் மாற்ற வேண்டியது பேசிய பின் நடப்பதைத்தான்.

முதலில் தொலைபேசி எண்ணைப் பற்றி யோசியுங்கள். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் ஒரு வரி எழுதினாலும், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களின் கண்ணில் அவருடைய எண் படுகிறது. முகம் தெரியாதவர்கள் நிறைய சேரும் குழுவாக இருந்தால், எண்ணை யாருக்கும் காட்டாமல் மறைத்துக்கொள்ளும் வசதியுள்ள டெலிகிராமில் தொடங்குவது நல்லது. வாட்ஸ்அப்பிலேயே தொடர்வதென்றால், புதிய உறுப்பினர்களை அட்மின் ஒப்புதலோடு மட்டுமே சேர்க்கும் அமைப்பை இயக்கிவிட்டு, குழுவில் சேர்வதற்கான இணைப்பைப் பொதுவெளியில் பகிர்வதை நிறுத்துங்கள். சுயவிவரப் படத்தைத் தங்கள் தொடர்புகளுக்கு மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம் என்பதை எல்லா உறுப்பினர்களுக்கும் ஒருமுறை விளக்கிச் சொல்லுங்கள். இதைப் பெண்களுக்கு மட்டுமான எச்சரிக்கையாகச் சொன்னால், பொறுப்பு முழுவதும் அவர்கள் தலையில் விழுந்துவிடும்.

உண்மையான சிக்கல் குழுவுக்கு வெளியே, இன்பாக்ஸில் இருக்கிறது. மாடித்தோட்டக் குழுவில் ஒரு பெண் தன் செம்பருத்திச் செடியில் மாவுப்பூச்சி வந்திருப்பதாகப் படம் போட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் அவருக்குத் தனியாக ஒரு செய்தி வருகிறது: 'வணக்கம் மேடம், உங்க கேள்வியைப் பார்த்தேன்.' அடுத்து, 'எந்த ஏரியா?' மறுநாள் காலை ஒரு குட்மார்னிங் படம், இரவில் 'சாப்பிட்டாச்சா?', பதில் இல்லையென்றால் 'டிபி நல்லா இருக்கு'. இவற்றில் எந்த ஒரு வரியையும் தனியாகப் புகார் செய்தால் சின்ன விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் குழுவில் வாய் திறக்க மாட்டார். காரணம் அட்மினுக்குத் தெரியவே தெரியாது.

எனவே குழுவின் விளக்கப் பகுதியில் இப்படி ஒரு விதியை எழுதி வையுங்கள்: 'குழு உறுப்பினர் ஒருவருக்குத் தனிச்செய்தி அனுப்ப விரும்பினால், முதலில் குழுவிலேயே அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லாமல் அனுப்பியதாகப் புகார் வந்தால், முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை நீக்கம்.' 'பெண்களிடம் கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள்' என்ற பொது அறிவுரையால் பயன் குறைவு. குட்மார்னிங் அனுப்புகிறவர் தன்னைக் கண்ணியமானவராகவே கருதுகிறார். எந்தச் செயல் கூடாது என்று சொன்னால்தான் அவருக்குப் புரியும்.

புகாரைப் பெறுவதற்குப் பெண் அட்மின் ஒருவராவது இருக்க வேண்டும். இருவர் இருந்தால் சுமை பகிரப்படும். புகார் கொடுத்தவரின் பெயரைக் குழுவில் சொல்லாதீர்கள். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லையே, நல்ல மனிதர்' என்று நற்சான்று வழங்கவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து விதிப்படி முடிவெடுங்கள். குழுவிலேயே தகாத பதிவு வந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அதை நீக்குங்கள். மனைவியைக் கேலி செய்யும் ஃபார்வர்டு நகைச்சுவைகளுக்கு ஒரே வரி போதும்: 'இந்தக் குழு செடிகளுக்கானது, நீக்குகிறேன்.' விவாதம் தேவையில்லை.

இன்னொன்றை அட்மின் தானே செய்து காட்ட வேண்டியிருக்கும். அந்த மாவுப்பூச்சிக் கேள்விக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கும்படி ஒரு பெண் பதில் எழுதுகிறார், யாரும் கண்டுகொள்வதில்லை. சிறிது நேரம் கழித்து ஓர் ஆண் அதையே எழுதியதும் கைகூப்பும் எமோஜிகள் குவிகின்றன. அப்போது அட்மின் முதல் பதிலை மேற்கோளிட்டு, 'இதை முதலில் சொன்னவர் இவர்தான். எத்தனை நாளுக்கு ஒருமுறை தெளிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்' என்று அவரிடமே கேட்க வேண்டும். பாராட்டை விடத் தொடர்கேள்விக்கு வலு அதிகம், ஏனென்றால் அது அவரை விஷயம் தெரிந்தவராகக் குழுவின் முன் நிறுத்துகிறது.

சட்டத்தைக் குறித்து அட்மின்களுக்கு வீண் அச்சம் உண்டு. உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்த ஒரே காரணத்தால் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அதே வேளையில், விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவரை மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயல்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. அந்த நிலைக்குப் போய்விட்டால், குழுவுக்குள் சமரசம் பேச முயலாமல், 181 மகளிர் உதவி எண்ணையும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தையும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் தெரிவித்து, உங்களிடமுள்ள ஸ்கிரீன்ஷாட்களைக் கொடுத்துவிடுங்கள். புகார் செய்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

ஒரு பெண் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறினால், 'ஏன் போனார்?' என்ற பேச்சைக் குழுவில் வளரவிடாதீர்கள். ஓரிரு நாள் கழித்து, பெண் அட்மின் அவரிடம் ஒரே ஒருமுறை காரணம் கேட்கலாம். பதில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். அவர் ஒரு பெயரைச் சொன்னால், வெளியேறிய பெண் இப்போது உறுப்பினர் இல்லையே என்று ஒதுக்காமல், அதையும் புகாராகவே எடுத்துக்கொண்டு அதே விதிப்படி நடவடிக்கை எடுங்கள்.