ஜெர்மனியில் சிறு குழந்தைகளோடு முதல் கோடை: புதிதாக வரும் குடும்பங்களுக்கு

ஜூன் மாதத்தில் நியூரம்பெர்க்கில் சூரியன் மறைய இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணி ஆகிவிடும். வெளிச்சம் முழுவதும் அடங்கப் பத்தரை ஆகும். காலை ஐந்து மணிக்கெல்லாம் மறுபடியும் விடிந்துவிடும். நாங்கள் சென்னையிலிருந்து வந்த ஆண்டில், மூன்று வயது மகளை எட்டு மணிக்குப் படுக்க வைத்தால், சன்னலைக் காட்டி, "இன்னும் சாயங்காலமே முடியலையேப்பா" என்பாள். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லாததால் எங்களிடம் பதிலும் இல்லை. சன்னல் ஓரத்துச் சுவரில் தொங்கிய பட்டையான நாடா எதற்கென்று தெரியாமலே மூன்று வாரங்களை ஓட்டிவிட்டோம். எதிர்வீட்டு மூதாட்டி ஒரு நாள் வந்து அதைப் பிடித்து இறக்கிக் காட்டிய பிறகுதான், சன்னலுக்கு வெளிப்புறம் சுருட்டி வைத்திருக்கும் ரோலாடன் என்ற மடிப்புக் கதவைப் பற்றி அறிந்தோம். அதை முழுவதும் இறக்கினால் நண்பகலிலும் அறை இருட்டாகும். ஏழு மணிக்கே இறக்கிவிட்டு, விளக்கை மங்கலாக்கி, கதை சொல்லத் தொடங்கினால் குழந்தை எட்டு மணிக்குத் தூங்கும். ரோலாடன் இல்லாத பழைய வீடாக இருந்தால், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புத் திரைகளைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

வெப்பத்துக்கும் இதே கதவுதான் மருந்து. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. சுவர்களும் குளிர்காலத்துச் சூட்டை வெளியே விடாமல் காக்கக் கட்டப்பட்டவை. ஆகவே அதிகாலையில் எல்லாச் சன்னல்களையும் திறந்து காற்றோட விட்டு, ஒன்பது மணிக்குள் சன்னலையும் ரோலாடனையும் மூடிவிட்டு, மாலையில் வெளிக்காற்று குளிர்ந்த பிறகு மீண்டும் திறப்பதே இவ்வூரார் முறை. பகலெல்லாம் சன்னலைத் திறந்து வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கூரைக்கு நேர் கீழே உள்ள வீட்டில் இருப்பவர்கள் மின்விசிறியை மே மாதத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. வெப்ப அலை வந்த பிறகு கடையில் வெறும் அலமாரிதான் இருக்கும்.

வெளிச்சமும் வெப்பமும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். புதிதாக வந்த குடும்பத்தை உண்மையில் தவிக்க வைப்பது நாட்காட்டிதான் என்பது என் அனுபவம். ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் பெறும் உரிமையை 2013 ஆகஸ்ட் முதல் சட்டம் வழங்குகிறது. ஆனால் கீட்டா என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் காப்பகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. கோடையில் இரண்டு அல்லது மூன்று வாரங்கள் தொடர்ச்சியாக மூடியிருக்கும் கீட்டாக்கள் ஏராளம். அந்த நாட்களை ஷ்லீஸ்ஸைட் என்கிறார்கள். பட்டியலை முன்கூட்டியே, பெரும்பாலும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே, கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த பட்டியல் ஜெர்மன் மொழியில் இருந்தது. பிறகு படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தோம். ஜூலை இறுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மகளை அழைக்கப் போனபோது, அவளுடைய காலணி, மாற்றுடை, தொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்து, நல்ல விடுமுறை அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார்கள். அடுத்த மூன்று வாரங்களை நானும் என் மனைவியும் மாறி மாறி விடுப்பு எடுத்து ஒப்பேற்றினோம். பிழை முழுவதும் எங்களுடையது.

அந்தப் பிழைக்கு விலை செப்டம்பரில் வந்தது. நியூரம்பெர்க் இருக்கும் பவேரியா மாநிலத்தில் புதிய கீட்டா ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். நோர்டுரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் ஆகஸ்ட் 1. எங்கள் இளைய மகனுக்கு அந்தச் செப்டம்பரில்தான் இடம் கிடைத்தது. இங்கே குழந்தையை முதல் நாளே அழ அழ விட்டுவிட்டு வர முடியாது. ஐன்கேவோனுங் என்னும் பழக்கும் காலத்தில் பெற்றோரில் ஒருவர் முதல் சில நாட்கள் குழந்தையோடு அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம், அரை மணி என்று சிறிது சிறிதாக விலக வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். குழந்தையின் போக்கைப் பொறுத்து நீளவும் செய்யும். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு உண்டு. பல நிறுவனங்கள் 30 நாள் வரை தருகின்றன. கீட்டா மூடும் நாட்கள், பழக்கும் காலம், ஊர்ப் பயணம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே விமான டிக்கெட்டை எடுங்கள். முழு விடுப்பையும் ஆகஸ்டில் ஊரில் செலவழித்துவிட்டு வந்து, செப்டம்பரில் மேலாளர் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

குழந்தை நோயுற்றால் எடுக்கும் விடுப்பு வேறு கணக்கு. பொது மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், 12 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் ஆண்டுக்கு 15 நாட்கள் என்று 2024 முதல் நடைமுறையில் உள்ளது. மருத்துவர் சான்று தந்தால் காப்பீட்டு நிறுவனம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஈடுசெய்யும். கீட்டா மூடியிருப்பதற்காக இந்த நாட்களைப் பயன்படுத்த இயலாது.

கீட்டாவில் சேர்வதற்கு முன் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்றைக் காட்டுவது 2020 மார்ச் 1 முதல் சட்டப்படி கட்டாயம்: ஒரு வயது நிறைந்தவர்களுக்கு ஒரு தவணை, இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு இரண்டு தவணை. ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைக் கோடைக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் மருத்துவர்களும் விடுமுறையில் போய்விடுவார்கள். கதவில் மாற்று மருத்துவரின் முகவரி மட்டும் ஒட்டியிருக்கும். இரவிலோ வாரக் கடைசியிலோ காய்ச்சல் வந்தால் 116117 என்ற எண்ணை அழைக்கலாம்; உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பள்ளியில் சேர்ந்த பிள்ளை இருந்தால் கணக்கு இன்னும் இறுகும். கோடை விடுமுறை ஏறத்தாழ ஆறு வாரம். தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பவேரியாவில் அது ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்துச் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று விடுமுறைக்கு நான்கு நாள் முன்பே கிளம்ப முடியாது. பள்ளிக் கட்டாயத்தை மீறினால் அபராதம் உண்டு. 2018 மே மாதத்தில், பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு முன்பு, மெம்மிங்கன், நியூரம்பெர்க் விமான நிலையங்களில் காவல்துறையினர் பள்ளிப் பிள்ளைகளோடு நின்ற குடும்பங்களை விசாரித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. கீட்டா வயதுக் குழந்தைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எனவே பிள்ளைகள் ஆறு வயதை எட்டும் வரை, ஆகஸ்டுக் கூட்டத்தில் சிக்காமல் வேறு மாதத்தில் ஊருக்குப் போய்வரும் வசதியைத் தயங்காமல் அனுபவியுங்கள். இங்கேயே பிறந்த குழந்தை என்றால், இந்தியக் கடவுச்சீட்டும் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையும் கைக்கு வந்த பிறகே தேதி குறியுங்கள். ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால் மற்றவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை உடன் வைத்திருங்கள்.

தாத்தா பாட்டியை வரவழைப்பதும் ஒரு வழிதான். ஷெங்கன் விசாவில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம் என்பதால், அந்த 90 நாட்களுக்குள் மூடும் வாரங்களும் பழக்கும் காலமும் அடங்கும்படி அவர்கள் வரும் தேதியைத் தீர்மானியுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பேத்தியைக் கீட்டாவிலிருந்து பாட்டி அழைத்துவர வேண்டுமானால், அவர் பெயரை முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை ஓடிவந்து பாட்டியைக் கட்டிக்கொண்டாலும் அனுப்ப மாட்டார்கள். என் மாமியாருக்கு அது பெரிய மனத்தாங்கலாக இருந்தது. எனக்கு என்னவோ அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

கீட்டா திறந்திருக்கும் கோடை நாட்களில் குழந்தைகள் பெரும்பகுதி நேரம் வெளியேதான் இருப்பார்கள். காலையில் வீட்டிலேயே சன்கிரீம் பூசி, தொப்பி போட்டு அனுப்ப வேண்டும். மதியம் மறுபடியும் பூசுவதற்குப் பெயர் எழுதிய குழாய் ஒன்றும் கொடுத்து வைக்க வேண்டும். கறுத்த தோலுக்கு எதற்கு என்று நானும் கேட்டவன்தான். குழந்தையின் தோலுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை என்று மருத்துவர் திருத்தினார். மழை பெய்தாலும் மணலில் விளையாடுவார்கள். அதற்காகவே மாட்ச்ஹோஸே என்ற நீர் புகாத சேற்றுக் கால்சட்டையும் ரப்பர் பூட்சும் உண்டு. நல்ல சட்டையை அணிவித்து அனுப்பிவிட்டு மாலையில் சேற்றைப் பார்த்து முகம் சுளிப்பதால் பயனில்லை. பழைய சட்டைதான் கீட்டாவுக்கான சட்டை.

புல்வெளியில் விளையாடிய நாட்களில், குளிக்க வைக்கும்போது உடலை முழுவதும் பாருங்கள். முழங்காலின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தலைமுடியின் ஓரம் ஆகியவை ட்ஸெக்கே எனப்படும் உண்ணி விரும்பும் இடங்கள். எங்கள் மகளின் காதுக்குப் பின்னால் எள்ளளவு கறுப்பாக ஒன்று இருந்தது. மச்சம் என்று நினைத்துத் தொட்டபோதுதான் அதற்குக் கால்கள் இருப்பது தெரிந்தது. எண்ணெய், பசை எதையும் தடவாமல், மருந்துக்கடையில் கிடைக்கும், உண்ணி எடுப்பதற்கான அட்டையாலோ நுண்ணிடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுத்து எடுக்க வேண்டும். பின்னர் அந்த இடத்தைப் பல வாரங்கள் கவனித்து, சிவந்த வளையம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். அது பொரேலியோஸே என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலான எஃப்.எஸ்.எம்.இ. நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. பவேரியாவின் மிகப் பெரும்பகுதியும் பாடன் வூர்ட்டம்பெர்க்கின் மிகப் பெரும்பகுதியும் அந்நோய் அபாயப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை. மூன்று தவணைகள் பல மாத இடைவெளியில் போடப்படுவதால், குளிர்காலத்திலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கினால்தான் கோடைக்குப் பாதுகாப்புக் கிடைக்கும்.

ஆகஸ்டில் குளவிகள் வரும். இனிப்புக்கும் பழச்சாற்றுக்கும் அவை கூட்டமாக வருவதால், வெளியே சாப்பிடும்போது குழந்தைக்கு மூடியிட்ட குவளையில் குடிக்கக் கொடுங்கள். திறந்த குவளைக்குள் விழுந்த குளவி வாய்க்குள் கொட்டினால் தொண்டை வீங்கும் அபாயம் உண்டு. தினத்தாளைச் சுருட்டி அடிக்கக் கிளம்பும் தாத்தாவையும் தடுத்து வையுங்கள். தக்க காரணமின்றிக் குளவியைக் கொல்வதை இந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

நீச்சல் குளங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஜெர்மன் குழந்தைகளின் கோடை ஃப்ரைபாட் எனப்படும் திறந்தவெளிக் குளத்தில்தான் கழிகிறது. மே முதல் செப்டம்பர் வரை திறந்திருக்கும். சிறியவர்களுக்கு முழங்காலளவு நீருள்ள தனித் தொட்டி இருக்கும். புல்தரையில் துணி விரித்து, பழமும் தயிர்சாதமும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் இருக்கலாம். தயிர்சாதத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கையிலும் உருளைக்கிழங்கு வறுவல். நீந்தத் தெரியாத குழந்தையைக் கை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது பெற்றோரின் பொறுப்பு; அங்கே நிற்கும் உயிர்காப்பாளர் அதற்கு மாற்று ஆகமாட்டார். நம்மில் பலருக்கே நீச்சல் தெரியாது என்பதால் குழந்தையை ஐந்து வயதில் வகுப்பில் சேர்ப்பது அவசியம் என்று நான் கருதுகிறேன். காத்திருப்போர் பட்டியல் நீண்டது. நான்கு வயதிலேயே பெயர் கொடுங்கள். முதல் பட்டயமான ஸேபியர்ட்ஷென், அதாவது கடற்குதிரை, பெறக் குளத்தின் ஓரத்திலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்த வேண்டும். தோளளவு நீரில் கிடக்கும் ஒரு பொருளை எடுத்துவர வேண்டும். அதை நீச்சலுடையில் தைத்துக்கொண்டு பிள்ளைகள் பெருமையாக நடப்பார்கள். ஆயினும் வெண்கலப் பட்டயம் பெற்றவரையே பாதுகாப்பாக நீந்தக்கூடியவர் என்று உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி. கருதுகிறது, கடற்குதிரையை நம்பி ஏரியில் தனியே விடாதீர்கள்.

குழந்தையின் ஓட்டமும் சத்தமும் கீழ்வீட்டாரைத் தொந்தரவு செய்யுமோ என்று நாங்கள் முதல் கோடை முழுவதும் அஞ்சினோம். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிற்றுக்கிழமையும் அமைதி காக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் விளையாட்டுத் திடல்களிலும் கீட்டாக்களிலும் எழும் குழந்தைகளின் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கு விளைவிக்கும் இரைச்சலாகக் கருதலாகாது என்று 2011 முதல் சட்டமே சொல்கிறது. ஞாயிறு மாலையை வீட்டுக்குள் அதட்டி அடக்கிக் கழிப்பதைவிடத் திடலில் கழிப்பது எல்லோருக்கும் நல்லது. பாலும் ரொட்டியும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறன்று கடைகள் திறக்காது.

செப்டம்பர் நடுவில் சூரியன் ஏழரை மணிக்குள் மறைந்துவிடும். குழந்தை ரோலாடன் இல்லாமலே தூங்கும். அந்த நாட்களில் கீட்டாவில் குழந்தையின் பெயரட்டைக்குக் கீழுள்ள தட்டில் ஒரு தாள் கிடக்கும். அடுத்த ஆண்டு கீட்டா மூடும் நாட்கள் அதில்தான் இருக்கும். மொழி புரியாவிட்டாலும் தேதிகள் புரியும். அன்றைக்கே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.