மங்கலான சிடி ஸ்கேனில் விளிம்பைக் கூர்மையாக்குவது எப்படி?

கூர்மையாக்கும் கருவிக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்று பெயர். கூர்மையற்றது என்று பொருள்படும் சொல் அதில் இருப்பதைக் கண்டு முதல் நாளில் நானும் குழம்பினேன். மங்கலாக்கிய நகலை மூலப் படத்திலிருந்து கழிப்பதால் வந்த பெயர் அது. இருட்டறையில் ஃபிலிம் கழுவிய காலத்து உத்தி.

பழகுவதற்கு இமேஜ்-ஜே மென்பொருள் போதும். இலவசமானது, ஸ்கேன் படங்கள் சேமிக்கப்படும் டைகாம் வகைக் கோப்புகளை நேரடியாகத் திறக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படம் வேண்டாம். சுருக்கியபோது உண்டான கட்டங்களும் சேர்ந்து கூர்மையாகிவிடும். கையில் ஸ்கேன் இல்லையா? ஃபைல் மெனுவின் ஓபன் சாம்பிள்ஸில் 16-பிட் சிடி படம் ஒன்று இருக்கிறது.

படி 1: டூப்ளிகேட் கொடுத்து நகல் எடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.

படி 2: இமேஜ், டைப் வழியாக நகலை, பூஜ்ஜியத்துக்குக் கீழான எண்களையும் ஏற்கும் 32-பிட்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கழித்தலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் மதிப்புகள் வெட்டுப்படும்.

படி 3: ப்ராசஸ், ஃபில்டர்ஸ், அன்ஷார்ப் மாஸ்க். ரேடியஸ் (எவ்வளவு மங்கலாக்குவது) 1, மாஸ்க் வெயிட் (மங்கலான நகலில் எவ்வளவைக் கழிப்பது) 0.6 என்று வைத்து ப்ரிவ்யூவைத் தட்டுங்கள்.

உள்ளே நடப்பது எளிய கணக்குதான். விளிம்பின் ஒரு பக்கப் புள்ளி 100, மறுபக்கம் 40. மங்கலாக்கினால் அவை 90, 50 ஆகின்றன என்று கொள்வோம். மங்கலான மதிப்பை 0.6-ஆல் பெருக்கி மூலத்திலிருந்து கழித்து, மீதியை 0.4-ஆல் வகுத்தால் 115, 25 கிடைக்கும். 60 ஆக இருந்த இடைவெளி 90 ஆகிவிட்டது! ஸ்கேனில் பதிவாகாத நுணுக்கம் எதுவும் இதில் புதிதாக வந்துவிடவில்லை; இருந்த வேறுபாடு பெரிதானது, அவ்வளவே. புள்ளிப்புள்ளியான இரைச்சலும் அதே கணக்கில் பெரிதாகும். அது கண்ணை உறுத்தினால் முதலில் இரைச்சலைக் குறைக்கும் மீடியன் ஃபில்டரை ரேடியஸ் 1-இல் ஓட்டிவிட்டு வாருங்கள்.

படி 4: எங்கே நிறுத்துவது? எலும்பு விளிம்பின் குறுக்கே ஒரு கோடு வரைந்து கன்ட்ரோல்-கே அழுத்துங்கள்; கோட்டிலுள்ள புள்ளிகளின் மதிப்புகள் வரைபடமாக வரும். வரைபடத்தில் விளிம்பின் இருபுறமும் கொம்புபோல முளைத்திருந்தால் அளவு மிஞ்சிவிட்டது, வெயிட்டைக் குறையுங்கள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். எக்ஸ்ரேயில், உடலில் பொருத்திய உலோக மூட்டைச் சுற்றி இப்படி உண்டாகும் கருவளையம், மூட்டு தளர்ந்துவிட்டதுபோலத் தோற்றம் காட்டும்.

விளிம்பருகே சிடி எண்களும் (திசுவின் அடர்த்தியைக் காட்டும் மதிப்புகள்) மாறிப்போயிருக்கும். அளவெடுப்பதையெல்லாம் மூலப் படத்திலேயே செய்யுங்கள்.

நகலை டிஃப் கோப்பாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே ரேடியஸ், வெயிட் எண்களை எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் அவை நினைவில் இருக்காது.